ஐ3-4130, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10: அடுத்து எதுக்குப் போறது?

#1 மேசைக்கணினி

வீட்டுக் கம்ப்யூட்டர் விவரம்:

பிராசஸர்: இன்டெல் கோர் ஐ3-4130
மதர்போர்டு: எச்81 சிப்செட், ராம் ஸ்லாட் 2
ராம்: டிடிஆர்3 4 ஜிபி, ஒரே ஸ்டிக்
ஹார்டுடிஸ்க்: 500 ஜிபி, 7200 சுற்று. சி, டி, ஈ, எஃப் எனப் பிரித்தது. சி டிரைவில் நிரம்பியது 110 ஜிபி
ஓஎஸ்: விண்டோஸ் 10 ஹோம் 22எச்2 (விண்டோஸ் 7-லிருந்து அப்கிரேடு செய்தது)
பிரின்டர்: கேனான் எல்பிபி2900

வேலை: பிரவுசர், யூடியூப், வங்கி, கடைக் கணக்குக்கு டேலி பிரைம். பாமினியில் அடித்த வேர்டு கோப்புகள் சில நூறு இருக்கு.

பிசி ஹெல்த் செக் ஓட்டினால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்கிறது. ஆன் பண்ணி மவுஸ் சொன்னபேச்சு கேட்க நாலைந்து நிமிஷம் ஆகிறது.

கேள்விகள்: ஒன்று, விண்டோஸ் 11 போட முடியுமா, போடலாமா? இரண்டு, லினக்ஸ் மின்ட் (இலவச ஓஎஸ்) போட்டால் டேலியும் பிரின்டரும் என்ன கதி? மூன்று, காசு செலவழிப்பதென்றால் முதலில் எதில்?

#2 கருந்திரை

மூணாவது கேள்விக்கு முதல்ல பதில்: எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத, சிப்புல ஆன டிஸ்க்). அது இல்லாம எந்த ஓஎஸ் போட்டாலும் இதே நாலு நிமிஷம்தான்.

டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைப் பாருங்க. பூட் ஆனதும் 100 சதவீதத்துல நிக்கும், ஆனா படிக்கிற வேகம் வினாடிக்கு ஒண்ணு ரெண்டு எம்பிதான் காட்டும். பெரிய வீடியோ ஒண்ணை காப்பி பண்ணும்போது அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல ஓடும். விண்டோஸ் பூட்ல கேக்கிறது அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் துண்டுகளை. ஒவ்வொரு துண்டுக்கும் தலை நகரணும், தட்டு சுத்தி வரணும். 7200 சுற்று டிஸ்க்குல ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி வினாடி. பிராசஸர் பாவம், சும்மா உக்காந்திருக்கு.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. எச்81-ல நாலு சாட்டா போர்ட் இருக்கும்: ரெண்டு 6 ஜிகாபிட், ரெண்டு 3 ஜிகாபிட். பெரும்பாலும் நிறம் வேற, இல்லன்னா பக்கத்துல அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டியை 6 ஜிகாபிட் போர்ட்ல மாட்டுங்க. எச்61 போர்டு வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா: உங்க போர்டுல எல்லாமே 3 ஜிகாபிட்தான், உச்ச வேகம் 270 எம்பி கிட்ட நின்னுடும். கவலை வேண்டாம், சின்னத் துண்டு படிக்கிறதுல வித்தியாசம் கையில தெரியாது.

என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) எஸ்எஸ்டியை அடாப்டர் கார்டுல செருகற யோசனை வந்தா விட்டுடுங்க. இந்த வயசு போர்டுகளோட பயாஸுக்கு (போர்டுலயே இருக்கிற தொடக்க மென்பொருள்) என்விஎம்இ-லிருந்து பூட் பண்ணத் தெரியாது. டிஸ்க் விண்டோஸுக்குள்ள தெரியும், பூட் லிஸ்ட்ல வராது.

அடுத்து ராம். இருக்கிறதோட இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1600 போட்டா 8 ஆகும், ரெண்டு ஸ்லாட்டும் நிறைஞ்சு டூயல் சேனலும் (ரெண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்துல படிக்கிறது) கிடைக்கும். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்குது, அதனால அதுக்கும் லாபம்.

#3 எஸ்எம்பிஎஸ்

ராம் வாங்கும்போது ஒரு கண்ணி. ஆன்லைனில் "ஏஎம்டி மதர்போர்டுக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் மலிவாக விற்கிறார்கள். அவை 4 பிட் அகல சிப்புகளால் கட்டிய ஸ்டிக்குகள். இன்டெல்லின் சாதாரண மேசைக்கணினி மெமரி கன்ட்ரோலர் 8 பிட், 16 பிட் சிப்புகளை மட்டுமே ஏற்கும். மாட்டினால் பீப் சத்தம், அல்லது ஒன்றுமே வராத திரை. ஸ்டிக் பழுதில்லை, ஜோடிதான் சேராது. சென்னை ரிச்சி தெருவில் பழைய ஸ்டிக் வாங்கினால் கடையிலேயே ஒரு இன்டெல் போர்டில் மாட்டி 4 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்து வாங்கவும்.

டப்பாவைத் திறக்கும்போதே சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பத்து வருஷப் போர்டில் அது செத்திருக்கும். செத்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய், பிரவுசர் எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் பிழை காட்டும். ஓஎஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு.

பழைய ஹார்டுடிஸ்க்கை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்து 05, சி5, சி6 (டிஸ்க்கின் கெட்ட இடங்களின் கணக்கு) ஆகிய மூன்று வரிகளின் எண்ணைச் சொல்லுங்கள். குளோன் (டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பது) செய்யலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது.

#4 ஜன்னலோரம்

விண்டோஸ் 11 பற்றி. போட முடியும். போடலாமா என்பது வேறு கேள்வி.

அதிகாரபூர்வத் தேவை: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலான புது பூட் முறை), செக்யூர் பூட் (கையொப்பமிட்ட ஓஎஸ்ஸை மட்டும் எழுப்புவது), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு மேல். உங்களுடையது 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறை. டிபிஎம் 2.0 கிடையாது.

ரூஃபஸ் என்ற இலவசக் கருவியில் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பு) பென்டிரைவில் எழுதும்போது ஒரு பெட்டி வரும். அதில் ராம், செக்யூர் பூட், டிபிஎம் தேவைகளை நீக்கும் வரியை டிக் செய்தால் இன்ஸ்டால் தடுக்காது. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, 11-ஐயும் அதுவே ஆக்டிவேட் செய்யும். உள்ளபடியே ஓடும், 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் சுமாராக நன்றாகவே ஓடும்.

விலை என்னவென்றால், தகுதியற்ற கணினிக்கு அப்டேட் தரும் கடமை தனக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. மாதாந்தரப் பேட்ச் வழக்கமாக வருகிறது. ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, திரும்ப ஐஎஸ்ஓ இறக்கி, திரும்ப ரூஃபஸ். ஹோம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாத ஆதரவுதான், ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்த வேலை உண்டு.

கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் முயல வேண்டாம். 24எச்2-விலிருந்து எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் பிராசஸரில் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது. ரூஃபஸ் டிக் எதுவும் அதற்கு உதவாது. ஐ3-4130-இல் இரண்டும் உண்டு.

#5 பச்சைப்புதினா

ஜன்னலோரம் சார், எல்லாம் சரி, ஆனா வங்கி வேலை பாக்கிற மெஷின்ல "பேட்ச் வழக்கமா வருது"ங்கிற நம்பிக்கைல உக்கார முடியுமா? மின்ட் 22 வரிசை உபுன்டு 24.04 மேல கட்டினது, 2029 ஏப்ரல் வரைக்கும் பேட்ச் உண்டு. இந்த ஐ3-க்கு எந்தக் குறுக்கு வழியும் வேண்டாம். எச்டி 4400 கிராஃபிக்ஸ், சவுண்டு, லேன் எல்லாத்துக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னல்லயே (ஓஎஸ்ஸோட மையம்) இருக்கு.

8 ஜிபி ஆகப்போகுதுன்னா சின்னமன் பதிப்பே போடலாம். 4 ஜிபியோட நிறுத்தினா அதைவிட லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு.

#6 கணக்குப்பிள்ளை

டேலி லினக்ஸில் ஓடாது. வைனில் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓட்டிவிட்டேன் என்று யாராவது எழுதினால் லைசென்ஸ் ஆக்டிவேட் ஆனதா, பிரின்ட் வந்ததா, வருஷக் கடைசியில் டேட்டா ஸ்பிளிட் செய்ததா என்று கேளுங்கள். கடைக் கணக்கை சோதனைக் களமாக்கக் கூடாது. ஆகவே விண்டோஸ் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்தப் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

டிஸ்க்கைத் தொடும் முன் மூன்று வேலை. டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து பென்டிரைவில் வையுங்கள். கம்பெனி தேர்வுத் திரையில் டேட்டா பாத் தெரியும், அந்த ஃபோல்டரை (உள்ளே ஐந்தாறு இலக்க எண் பெயரில் கம்பெனி ஃபோல்டர்கள் இருக்கும்) அப்படியே தனியாக இன்னொரு காப்பி எடுங்கள். மூன்றாவது, லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். சரண்டர் செய்யாமல் டிஸ்க்கை மாற்றினால், லைசென்ஸ் இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாகச் சொல்லி டேலி கல்வி முறையில் (லைசென்ஸ் இல்லாத பயிற்சி வடிவம்) திறக்கும்.

#7 ஜன்னலோரம்

அப்படியானால் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு இஎஸ்யூ-வில் (ஆதரவு முடிந்தபின் தரும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்) சேரலாம். விண்டோஸ் 10-இன் சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டுக் கணினிக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு வரும். செட்டிங்ஸை மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம், இல்லாவிட்டால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டாலர். பாதுகாப்புப் பேட்ச் மட்டும்தான் வரும், புது வசதி எதுவும் வராது. அதுவே நிம்மதி.

#8 மேசைக்கணினி

நன்றி. 05, சி5, சி6 மூன்றும் 0. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு "லெகசி" என்றிருக்கிறது.

480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸ் 10-ஐக் குளோன் செய்து (டேலிக்கு), மிச்ச இடத்தில் மின்ட் போட்டு (மற்ற எல்லாவற்றுக்கும்) இரண்டும் வைத்துக்கொள்ளலாமா? லெகசி என்பதால் ஏதும் சிக்கல் வருமா?

#9 கருந்திரை

வரும். இந்த இழையிலேயே முக்கியமான இடம் இதுதான், நிதானமா எழுதறேன்.

விண்டோஸ் 7 காலத்து இன்ஸ்டால் ஆனதால உங்க டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் அட்டவணை) முறைல இருக்கு, பூட்டும் பழைய பயாஸ் முறைல. மின்ட் பென்டிரைவை பூட் மெனுல தேர்ந்தெடுக்கும்போது அது ரெண்டு வரியா தெரியும்: ஒண்ணு வெறும் பென்டிரைவ் பேரு, இன்னொண்ணு முன்னால "யுஇஎஃப்ஐ" போட்டது. ரெண்டாவதை அழுத்திட்டா மின்ட் யுஇஎஃப்ஐ முறைல உக்காரும். அப்புறம் கிரப் (எந்த ஓஎஸ்னு கேக்கிற மின்ட்டோட பூட்லோடர்) மெனுவுல விண்டோஸைத் தேர்ந்தெடுத்தா வராது, ஏன்னா யுஇஎஃப்ஐ-ல எழுந்த கிரப், பாதி வழியில பயாஸ் முறைக்குத் திரும்பி இன்னொரு ஓஎஸ்ஸை எழுப்ப முடியாது. விண்டோஸ் அழிஞ்சுபோச்சுன்னு அலறி வர்ற கேள்விகள்ல பாதி இதுதான்.

ரெண்டும் ஒரே முறைல இருக்கணும். விண்டோஸையும் யுஇஎஃப்ஐ-க்கு மாத்திடறதுதான் நல்லது. அதுக்கு விண்டோஸ் 10-லேயே எம்பிஆர்2ஜிபிடி கருவி (எம்பிஆரை யுஇஎஃப்ஐ கேக்கிற ஜிபிடி அட்டவணையா மாத்தறது) இருக்கு. ஆனா உங்க 500 ஜிபி டிஸ்க் மேல அதை ஓட்டினா முதல் சோதனைலயே நின்னுடும். நம்ம ஊர்ல கடைக்காரங்க சி, டி, ஈ, எஃப்னு பிரிச்சுக் குடுக்கிற பழக்கத்தால டி, ஈ, எஃப் மூணும் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனுக்குள்ள லாஜிகல் டிரைவா இருக்கும். எம்பிஆர்2ஜிபிடி பிரைமரி பார்ட்டிஷனை மட்டும்தான் ஒத்துக்கும், அதுவும் அதிகபட்சம் மூணு.

அதனால வரிசை இப்படி:

1. டி, ஈ, எஃப்-ல இருக்கிறதை வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுங்க. டேலிக்கு கணக்குப்பிள்ளை சொன்ன மூணும்.

2. பயாஸ்ல சாட்டா மோடு (டிஸ்க்கோட பேசற முறை) ஐடிஇயா (பழசு) ஏஎச்சிஐயா (புதுசு) பாருங்க. ஐடிஇன்னா நேரா மாத்தாதீங்க, நீலத்திரை வரும், ஏன்னா விண்டோஸ் பூட் நேரத்துக்குன்னு ஏத்தி வச்சிருக்கிற டிரைவர் வேற. எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பக்கத்துல சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட்ல பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோடுல ஒரு தடவை எழுப்புங்க. டிரைவரை அதுவே மாத்திக்கும். பிறகு டிக்கை எடுத்துடுங்க.

3. எஸ்எஸ்டியை மாட்டி, "சிஸ்டம் ரிசர்வ்டு"ன்னு இருக்கிற சின்னப் பார்ட்டிஷனையும் சி-யையும் மட்டும் அதுக்கு குளோன் பண்ணுங்க. குருஷியல், டபிள்யூடி மாதிரி கம்பெனிகள் தங்களோட எஸ்எஸ்டிக்கு அக்ரோனிஸ் குளோன் மென்பொருளை இலவசமா தர்றாங்க. குளோன்ஸில்லாங்கிற இலவசக் குளோன் கருவியை வழக்கமான முறைல ஓட்டினா 500-லிருந்து 480-க்குப் போகாது, போற டிஸ்க் சின்னதா இருந்தா மறுத்துடும்.

4. மெஷினை அணைச்சு, ஹார்டுடிஸ்க்கோட சாட்டா கேபிளைப் பிடுங்குங்க. எஸ்எஸ்டி தனியா பூட் ஆகுதான்னு பாருங்க. இந்தப் படியைத் தாண்டிடாதீங்க. ரெண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தா எதுலருந்து எழுந்ததுன்னே தெரியாம நாளைக்குப் பழைய டிஸ்க்கை அழிச்சிட்டு முழிக்க வேண்டியிருக்கும்.

5. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல "எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ்". சரின்னு வந்தா அதே வரில வேலிடேட் இடத்துல "கன்வர்ட்". (தமிழ்ல எழுதியிருக்கேன், அங்க ஆங்கில எழுத்துல அடிங்க.) கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். 100 எம்பில ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாகியிருக்கும்.

6. உடனே பயாஸுக்குப் போய் சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் பூட்டை அனுமதிக்கிற வசதி) அணைச்சு யுஇஎஃப்ஐ மட்டும்னு வைங்க. இதைச் செய்யாம பூட் பண்ணினா விண்டோஸ் எழாது.

இப்ப சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல யுஇஎஃப்ஐன்னு காட்டினா, டேலியை ஆக்டிவேட் பண்ணிட்டு அடுத்ததுக்கு வரலாம்.

#10 எஸ்எம்பிஎஸ்

6-ஆம் படிக்கு ஓர் ஒட்டு. இவருக்கு ஆன்போர்டு கிராஃபிக்ஸ், பிரச்சினை இல்லை. ஜிடி 210 மாதிரி பழைய கார்டு மாட்டியிருப்பவர்கள் சிஎஸ்எம்மை அணைத்தால் திரை கறுத்தே நிற்கும், சில போர்டு பீப் அடிக்கும். அந்தக் கார்டின் ரோமில் யுஇஎஃப்ஐக்கான பகுதி கிடையாது. கார்டைக் கழற்றி ஆன்போர்டு விஜிஏவில் மானிட்டரைச் செருகினால் பயாஸ் தெரியும். ஆன்போர்டும் இல்லாத பிராசஸர் என்றால் மின்சாரத்தைப் பிடுங்கி, பட்டன் பேட்டரியை ஐந்து நிமிஷம் எடுத்து வைத்து மாட்டவும், பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

#11 பச்சைப்புதினா

மின்ட் பகுதி நான் எழுதறேன்.

விண்டோஸ்ல முதல்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுங்க (கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற பக்கம்). அது இருந்தா ஷட்டவுன்னு நீங்க நினைக்கிறது உண்மைல அரைத்தூக்கம். மின்ட் அந்த சி-யை எழுத முடியாத நிலைலதான் திறக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி-யைச் சுருக்குங்க. 480 ஜிபின்னு அட்டைல போட்டது விண்டோஸ்ல 447 காட்டும், திருட்டு இல்ல, கணக்கு முறை வேற. சி-க்கு 220 விட்டு மிச்சத்தை ஒதுக்காத இடமா வைங்க. நிறைய காலி இருந்தும் கொஞ்சம்தான் சுருங்கும்னு சொன்னா நடுவுல நகராத கோப்பு கிடக்குதுன்னு அர்த்தம்: பேஜ் ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, ரெஸ்டோர் பாயின்ட். மூணையும் தற்காலிகமா அணைச்சு ரீஸ்டார்ட் பண்ணிச் சுருக்கிட்டு திரும்பப் போட்டுக்கலாம்.

ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ் போதும். இறக்கினதும் எஸ்எச்ஏ256 (கோப்பு முழுசா வந்துச்சான்னு காட்டற குறியீடு) சரிபாருங்க. "சர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்" கட்டளை விண்டோஸ்லயே இருக்கு. பாதில அறுந்த டவுன்லோடை எழுதினா இன்ஸ்டால் 60, 70 சதவீதத்துல புரியாத பிழை சொல்லி நிக்கும், ஆளுங்க டிஸ்க்கைச் சந்தேகப்படுவாங்க.

பூட் மெனு விசை ஜிகாபைட்ல எஃப்12, ஆசஸ்ல எஃப்8, எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்ல எஃப்11. "யுஇஎஃப்ஐ" போட்ட வரி. ராம் புதுசா போட்டிருக்கீங்கல்ல, அதே பென்டிரைவ் மெனுவுல மெம்டெஸ்ட் இருக்கு, ஒரு முழுச்சுற்று ஓட விடுங்க. சிவப்பு வரி ஒண்ணு வந்தாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் குடுத்துடுங்க.

லைவ்ல (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லருந்தே ஓடற மின்ட்) வந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானுக்குப் போகாதீங்க. சவுண்டு, வைஃபை, திரை அளவு பாருங்க. யுஎஸ்பி வைஃபை துண்டு வேலை செய்யலன்னா ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல மாட்டி யுஎஸ்பி டெதரிங் போடுங்க, டிரைவர் எதுவும் கேக்காம நெட் வந்துடும். மீதி டிரைவரை அது வழியா இறக்கலாம்.

இன்ஸ்டால்ல மீடியா கோடெக் டிக் பண்ணிட்டு, "விண்டோஸோடு சேர்த்து" ங்கிறதைத் தேர்ந்தெடுத்தா ஒதுக்காத இடத்துல அதுவே உக்காரும். ஹார்டுடிஸ்க் கேபிள் இன்னும் பிடுங்கினபடியே இருக்கட்டும். இந்த இன்ஸ்டாலர் பூட்லோடரை எந்த டிஸ்க்ல எழுதச் சொன்னாலும் முதல்ல கண்ணுல பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல எழுதற பழக்கம் உள்ளது. ஒரே டிஸ்க் இருந்தா தப்பு பண்ண வாய்ப்பே இல்ல.

முடிஞ்சதும் அப்டேட் மேனேஜர், பிறகு டைம்ஷிஃப்ட் (சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப நகல் எடுக்கிற செயலி). தினசரி 2, வாரம் 2 ஸ்னாப்ஷாட் போதும். இயல்பான எண்ணிக்கைல விட்டா இடம் நிறைஞ்சிடும்.

யூடியூபுக்கு ஒண்ணு: இந்தத் தலைமுறை கிராஃபிக்ஸுக்கு எச்.264 மாதிரி பழைய வீடியோ வகைகளைத்தான் வன்பொருள்ல பிரிக்கத் தெரியும். யூடியூப் தர்றது விபி9, ஏவி1. அதை பிராசஸர் தலையில கட்டினா 1080-ல ஃபேன் கத்தும். பிரவுசர்ல எச்264ஐஃபை எக்ஸ்டென்ஷன் போட்டா எச்.264 வரும். 1080-க்கு மேல கிடைக்காது, இந்த மானிட்டருக்கு அது போதும்.

#12 மேசைக்கணினி

பிரின்டர்?

#13 எஸ்எம்பிஎஸ்

எல்பிபி2900 உழைப்பாளி, ஆனால் அதற்கு பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொது அச்சு மொழி எதுவும் புரியாது. கேனானின் சொந்த கேப்ட் மொழி மட்டும். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதும் கணினியின் டிரைவர் செய்ய வேண்டும். அதனால் லினக்ஸில் "பொது டிரைவர்" எதைத் தேர்ந்தெடுத்தாலும் தாள் நகராது.

கேனான் தந்த லினக்ஸ் கேப்ட் டிரைவர் இருக்கிறது. 32 பிட் லைப்ரரிகள் கேட்கும். சிசிபிடி என்றொரு பின்னணிச் சேவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிரின்டரை அணைத்துப் போட்டால் அது அடிக்கடி படுத்துவிடும், திரும்ப எழுப்ப வேண்டும். மாதம் நாலு பக்கம் அச்சடிப்பவருக்கு என் பரிந்துரை: மின்ட்டில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், டேலிக்காக விண்டோஸ் பக்கம் போகும்போது அச்சடியுங்கள். புது பிரின்டர் வாங்கும் நாள் வந்தால் அட்டையில் ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அவை மின்ட்டில் டிரைவரே இல்லாமல் ஓடும்.

#14 பச்சைப்புதினா

நான் சிசிபிடிக்கு வக்காலத்து வாங்க வரல. மேல சொன்னதே சரி.

#15 விசைப்பலகை99

பாமினி கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் ஓஎஸ் மாற்றத்தில் நிஜமான வில்லங்கம்.

பாமினி யூனிகோடு அல்ல. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஐந்து ஆங்கிலக் குறிகளாக நிற்கும். கோப்பு கெடவில்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியின் டிடிஎஃப் கோப்பை எடுத்து மின்ட்டில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரே ஆஃபீஸில் பழையபடி தெரியும். டிஸ்க்கை அழிக்கும் முன் அந்த டிடிஎஃப்-ஐ எடுத்து வையுங்கள். அதே பெயரில் வேறு பதிப்பு கிடைத்தால் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம்.

யூனிகோடாக மாற்றுவதென்றால் கோப்பை மொத்தமாக மாற்றியில் கொட்டாதீர்கள். நடுவே டைம்ஸில் அடித்த ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல், ரசீது எண் எல்லாவற்றையும் அது தமிழாக்கிக் குதறிவிடும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். மாற்றியபின் ஒகர, ஓகாரச் சொற்களைச் சரிபாருங்கள். பாமினியில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று குறிகள். யூனிகோடில் க முதலில், பிறகு ஒகரக் குறி. மோசமான மாற்றிகள் இடறுவது இங்கேதான்.

தட்டச்சுக்கு: மின்ட்டில் கீபோர்டு லேயவுட்டில் நேரடியாகத் தமிழ்99 இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு "தானாகப் புள்ளி விழவில்லை" என்று சிலர் புலம்புவார்கள். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற வெறும் அட்டவணை, முந்தைய எழுத்தைப் பார்க்காது. ஐபஸ் (லினக்ஸின் தட்டச்சு உள்ளீட்டுக் கருவி) நிறுவி, ஐபஸ்-எம்17என் தொகுப்பில் உள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால் "அம்மா"வுக்கு ம விசையை இரண்டு முறை தட்டினாலே புள்ளி தானாக விழும். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி நுழைய வேண்டும்.

#16 மேசைக்கணினி

எல்லாம் முடிந்தது. யுஇஎஃப்ஐ, விண்டோஸ், டேலி, மின்ட் ஓடுகின்றன. மிச்சம் இரண்டு. விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 5.30 மணி நேரம் பின்னால் நிற்கிறது, டேலி தேதி குழம்புமோ என்று பயம். இரண்டு, பழைய ஹார்டுடிஸ்க்கை எப்போது திரும்ப மாட்டுவது?

#17 கருந்திரை

கடிகாரம்: மதர்போர்டு கடிகாரத்துல விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இந்தியாவுக்கு வித்தியாசம் சரியா 5.30. மின்ட் எழுதி வச்ச காலை 4.30-ஐ விண்டோஸ் அப்படியே நம்புது. மின்ட் டெர்மினல்ல "சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" ஒரு தடவை போதும். கோடை நேர மாற்றம் இல்லாத நாடு, அதனால இந்த வழில பின்விளைவு எதுவும் இல்ல.

ஹார்டுடிஸ்க்: ரெண்டு வாரம் மேசை டிராயர்ல கிடக்கட்டும். டேலில ஒரு மாசக் கணக்கு மூடி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான ஜேசன் கோப்பை எடுத்துப் பார்த்து, பழைய கோப்பு எதுவும் விடுபடலன்னு உறுதியான பிறகு 3 ஜிகாபிட் போர்ட்ல மாட்டுங்க. 6 ஜிகாபிட்டை வீணாக்க வேண்டாம். பயாஸ் பூட் வரிசைல எஸ்எஸ்டி முதல்ல இருக்கான்னு பாத்துக்குங்க. பழைய சி அதுல இன்னும் உயிரோடதான் இருக்கு. அதை ஃபார்மட் பண்ணும்போது எழுத்தை நம்பாதீங்க, அளவைப் பாருங்க, மாட்டினதும் சி, டி எழுத்துகள் இடம் மாறும்.

#18 பச்சைப்புதினா

அதை மின்ட்ல தானா மவுன்ட் ஆக வைக்கிறதா இருந்தா டிஸ்க்ஸ் செயலில மவுன்ட் ஆப்ஷன்ஸ் போய் வைங்க, அந்த வரில "நோஃபெயில்"னு ஒரு சொல் இருக்கணும். இல்லாட்டி பத்து வயசு டிஸ்க் ஒருநாள் எழாமப் போனா, மின்ட் அதுக்காக ஒன்றரை நிமிஷம் காத்திருந்துட்டு கறுப்புத் திரையில நின்னுடும்.

#19 மேசைக்கணினி

கடிகாரம் சரியாயிற்று. நோஃபெயில் சேர்த்துவிட்டேன். டிஸ்க் இப்போதைக்கு டிராயரில்.